துப்பாக்கிக்கு இடமுண்டு, பறைக்கு இல்லை

கணினி இசையுலகில் நூற்றிருபத்தெட்டு ஒலிகள் கொண்ட பட்டியல் ஒன்று வழங்குகிறது. முதலிடம் பியானோவுக்கு. சிதார் 105ஆவது. ஜப்பானின் சாமிசென் 107, கோட்டோ 108. ஆப்பிரிக்காவின் கலிம்பா 109, பேக்பைப் 110, ஷெனாய் 112. ஜப்பானியப் பெருமுரசான டைகோ 117. அதன்பின் உலகில் இசைக்கருவிகள் தீர்ந்துவிட்டன போலும். கடலலை 123, பறவைக்குரல் 124, தொலைபேசி மணி 125, ஹெலிகாப்டர் 126, கைதட்டல் 127. கடைசி நாற்காலியில், 128ஆவதாக, துப்பாக்கிச் சத்தம். வீணை இல்லை, நாகசுரம் இல்லை, மிருதங்கம், தவில், பம்பை, உடுக்கை, பறை எதுவும் இல்லை.

'ஜெனரல் மிடி' என்னும் இந்தப் பட்டியல் 1991இல் வகுக்கப்பட்டது. அதே 1991இல்தான் யூனிகோடின் முதல் பதிப்பும் வெளிவந்தது. அதில் தமிழ் எழுத்துக்கு இடம் கிடைத்தது. கிடைத்த இடம் போதாது, அடுக்கிய முறை தவறு என்று நம்மவர் ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். திஸ்கி பிறந்தது. 1999இல் சென்னையில் தமிழ்நெட்'99 மாநாடு கூடி, தாம், தாப் குறியேற்றங்களையும் ஒரு விசைப்பலகையையும் வகுத்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் ஏற்று ஆணையிட்டது. எழுத்தின் பொருட்டு இத்தனை மல்லுக்கட்டிய சமூகம், தன் வாத்தியங்களில் ஒன்றுகூட இடம்பெறாத ஒலிப்பட்டியலை மறுபேச்சின்றி விழுங்கிக்கொண்டது.

இதைக் கேட்டதும் 'மேலை ஆதிக்கம்' என்று கொடி பிடிக்கச் சிலர் கிளம்பிவிடுவர். அது என் கட்சியன்று. அந்தப் பட்டியலின் தாளக்கருவிப் பகுதியில் 47 ஒலிகள் உள்ளன. அவற்றுள் காங்கா, போங்கோ, டிம்பேல், மராகாஸ், குயிகா என இலத்தீன் அமெரிக்கத் தெருக்களின் கருவிகளுக்கு ஒரு கூட்டமே இடம்பிடித்திருக்கிறது. அந்தத் தாளங்கள் வணிக இசையின் பதிவுக்கூடங்களுக்குள் முன்பே புகுந்திருந்தன. ஆகவே பட்டியலிலும் புகுந்தன. கேட்டவனுக்குக் கிடைத்தது. நாம் கேட்கவில்லை என்பது ஒருபுறம். யாரையும் கேட்காமல் நாமே இடம்போட்டுக்கொள்ள வழி திறந்து கிடந்தும் அதில் கால் வைக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. அதை முதலில் என்னைப் போலத் தமிழ் பயிற்றுவித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் மேல் சுமத்துகிறேன்.

வழி எது என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். இலக்கிய வாசகர்கள் பொறுத்தருள்க. மிடி என்பது, வெவ்வேறு நிறுவனங்கள் செய்த மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள, அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கி 1983இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்கு. ஒரு மிடி கோப்பில் ஒலி கிடையாது. எந்தச் சுரம், எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தில், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே உண்டு. ஏட்டுச்சுவடியில் பாட்டு இருக்கிறது, குரல் இல்லை அல்லவா? அதைப் போல. சுவடிக்குக் குரல் தர ஓதுவார் வேண்டும். மிடிக்குக் குரல் தர ஒலித்தொகுப்பி வேண்டும்.

அந்த ஓதுவாரின் வேலையை இலவசமாகச் செய்யும் கட்டற்ற மென்பொருள்கள் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று டிமிடிட்டி. பின்லாந்தின் டூக்கா டொய்வோனென் 1995இல் வெளியிட்டது. பிறகு ஜப்பானின் மசனாவோ இசுமோ 'டிமிடிட்டி பிளஸ் பிளஸ்' என்று விரித்தெழுதினார். மற்றொன்று ஃபுளூயிட்சிந்த். இவற்றை இயக்கப் பொத்தான்களோ படங்களோ வேண்டியதில்லை. கட்டளைவரியில் மென்பொருளின் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்டச்சிட்டால் போதும், இசை ஒலிக்கும். இன்னும் இரண்டு எழுத்து சேர்த்தால் அந்த இசையை ஒலிக்கோப்பாக எழுதித் தரும். கல்லூரிக் கணினி அறையில் தூசி படிந்து கிடக்கும் பழைய பெட்டியும் இதற்குப் போதுமானது.

இங்கேதான் செய்தி இருக்கிறது. இந்த மென்பொருள்களுக்கென்று சொந்தக் குரல் கிடையாது. உண்மையான கருவியின் ஒலித்துணுக்குகள் அடங்கிய களஞ்சியம் ஒன்றை நாம்தான் கொடுக்க வேண்டும். டிமிடிட்டியில் எந்த எண்ணுக்கு எந்த ஒலி என்பது ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. கணினி சுழியிலிருந்து எண்ணுவதால், துப்பாக்கி அங்கே 127ஆம் எண். அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் கோப்புப் பெயரை அழித்துவிட்டுப் பறையின் கோப்புப் பெயரை எழுதினால், துப்பாக்கி இறங்கிவிடும், பறை ஏறிவிடும். ஐ.நா. சபையில் தீர்மானம் வேண்டாம், அமைச்சரைச் சந்தித்து மனுக் கொடுக்க வேண்டாம். ஒரேயொரு வரி. யாரையும் இறக்க மனமில்லாதவர்கள் புதிய தொகுதி ஒன்றைத் திறந்து அதில் 128 கருவிகளை அமர்த்தலாம். ஒலித்துணுக்குகளைச் சேர்த்துக் களஞ்சியமாக்கித் தரப் பாலிஃபோன் போன்ற கட்டற்ற மென்பொருள்களும் இருக்கின்றன.

பறையின் கோப்பு எங்கே? அதுதான் கேள்வி.

இதற்கு மூன்று தரப்பார் மூன்று விதமாகத் தடை சொல்கின்றனர்.

முதல் தரப்பு தூய்மைவாதிகள். 'கட்டைகளாகப் பிரித்த இயந்திரத்துக்குள் கமகம் அடங்குமா?' என்று புன்னகை செய்வார்கள். பழைய புன்னகைதான். இதே காரணத்தைச் சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது; விலக்கு தளர 1971 ஆயிற்று. அந்த முப்பது ஆண்டுகளிலும் வடாற்காட்டுக் கூத்து மேடையில் ஆர்மோனியம் முகவீணைக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்தது. கூத்து கெட்டுவிடவில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். மிடியில் சுரத்தை வளைக்கும் கட்டளைக்கு 16,384 படிகள். வழக்கமான அமைப்பில் இவை மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அரைச்சுரங்களுக்குப் பரவுகின்றன. அதாவது ஓர் அரைச்சுரத்துக்கு 4,096 படிகள். ஒரு ஸ்தாயிக்குச் சுருதி இருபத்திரண்டா, இருபத்துநான்கா என்று நூறாண்டாகச் சண்டையிடும் நமக்கு இந்த நுட்பம் போதாதா? மெய்யான குறை ஒன்று உண்டு. 1983இன் மிடியில் இந்த வளைவு, ஒரு தடத்தில் அப்போது ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். பல சுரங்களைத் தனித்தனியே வளைக்க வழிசெய்யும் எம்.பி.ஈ. 2018இலும், மிடி 2.0 அதன்பின் 2020இலும் வந்தன. ஆனால் முகவீணையோ நாகசுரமோ ஒரு நேரத்தில் ஒரு சுரம் பேசும் கருவி. அதற்கு அந்தப் பழைய ஒற்றைத் தடமே தாராளம்.

ஆகவே குறை நுட்பத்தில் இல்லை. கமகத்தை எழுதிக் காட்டும் உழைப்பை நாம் கைவிட்டதில் இருக்கிறது. நம் முன்னோர் அதைக் கைவிடவில்லை. 1890களில் ஏ.எம். சின்னசாமி முதலியார் கருநாடக இசையை மேலைக் கோட்டுக் குறிகளில் எழுதி அச்சிடத் துணிந்தார். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டபோது, ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி கொடுத்தார். நம் காலத்தில் சென்னையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியன், எழுத்தில் தந்த சுரங்களைக் கமகத்தோடு வாசித்துக் காட்டும் 'காயகா' என்ற மென்பொருளைத் தாமே எழுதினார். இவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை அந்தப் புன்னகைதானா?

இரண்டாம் தரப்பு வியாபாரிகள். 'இதெல்லாம் கீபோர்டிலேயே வந்துவிட்டதே ஐயா' என்பார்கள். உண்மைதான். இந்தியச் சந்தைக்கென்றே யமஹா பி.எஸ்.ஆர்-ஐ என்று ஒரு வரிசை விட்டது. அதில் இந்திய வாத்திய ஒலிகள் இருந்தன. ஆனால் அவை பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் ஒலிகள். எந்த ஊர்க் கருவி, யார் வாசித்தது, எந்தப் பாணி என்று பெட்டியைத் திறந்து கேட்க முடியாது. ஒரு பொத்தானில் 'டிரம்' என்று எழுதியிருப்பதை அமுக்கினால் ஏதோ ஒரு தோல் அதிர்கிறது. தோல்களுக்குள் வேற்றுமை இல்லை என்று நினைப்பவனுக்கு அது போதும்.

தோல்களுக்குள் உள்ள வேற்றுமையைப் பாலாற்றங்கரைக்காரன் பிறருக்குச் சொல்லலாம். வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில் பதனிட்ட தோல் காலணியாகவும் கைப்பையாகவும் கடல் கடந்து போகிறது. ஆனால் பதனிட்ட தோல் பாடாது. மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி, வெயிலில் உலர்ந்த பச்சைத்தோல்தான் பாடும். பறையை நெருப்பில் காய்ச்சினால் தோல் இறுகிக் குரல் ஏறும், ஈரக்காற்றில் இறங்கும். ஒரே பறைக்கு விடியலில் ஒரு குரல், நெருப்புக் கண்டபின் ஒரு குரல். அடிக்குச்சி எழுப்பும் ஒலி வேறு, சிம்புக்குச்சி எழுப்பும் ஒலி வேறு. பம்பையின் இரட்டை உருளையில் ஒவ்வொரு முகமும் தனித்துப் பேசும். மிருதங்கத்தில் மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் சேர்ந்து ஒலிக்கின்றன என்பதையும், அந்தத் தோலைத் தேடி உரித்துக் கட்டுபவர்களின் பெயர்கள் கச்சேரி மேடையில் ஒலிப்பதில்லை என்பதையும் டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் எடுத்துரைத்தது. இப்போது பறையிலும் பம்பையிலும் ஃபைபர் முகங்கள் ஏறிவருகின்றன. மழைக்கு அஞ்ச வேண்டாம், காய்ச்ச வேண்டாம், தோலுக்கு அலைய வேண்டாம். வாசிப்பவரின் சிரமம் குறைகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் தோலின் குரல் நம் காது கேட்கவே விடைபெறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டியவர் யார்?

அது எம் வேலையன்று என்கிறது மூன்றாம் தரப்பு. அது எங்கள் தமிழ்த்துறை. இவர்களோடுதான் என் முதன்மையான வழக்கு.

'இலக்கியங்களில் இசைக்கருவிகள்' என்ற தலைப்பில், அல்லது ஒரு சொல் முன்பின்னாக, வந்த ஆய்வேடுகளை அடுக்கினால் ஒரு சுவர் எழுப்பலாம். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நான்காகப் பிரிப்பார்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையிலிருந்து தோற்கருவிகளின் நீண்ட வரிசையைப் பெயர்த்தெழுதுவார்கள். படகம், இடக்கை, சல்லிகை, கரடிகை, திமிலை என்று பெயர்கள் ஓடும். அந்தப் பக்கங்களில் ஒலியின் சுவடு கிடையாது. ஆய்வாளர் அவற்றில் எதையேனும் காதால் கேட்டாரா என்று வாய்மொழித் தேர்வில் கேட்பாரும் கிடையாது.

தொல்காப்பியர் அகத்திணையியலில் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தார். பின்வந்த இலக்கணிகள் குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று நிலந்தோறும் வகுத்துக் காட்டினர். ஒரு நிலத்தை அதன் மரத்தால் அறிவதுபோல அதன் முழக்கத்தாலும் அறியலாம் என்ற எண்ணம் இதில் இருக்கிறது. 1991இன் பட்டியலுக்கு வெகு முன்பே ஒலிகளுக்கு அட்டவணை போட்ட மரபு நம்முடையது. அந்த அட்டவணையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்விக்கும் நாம், அட்டவணைக்குள் இருந்த ஒலி போன இடத்தைக் கேட்பதில்லை.

யாழுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். கருவி வழக்கொழிந்தது, ஒலி போயிற்று, பாடல்களில் பெயர் மட்டும் நின்றது. விபுலானந்த அடிகள் பல்லாண்டுகள் கணக்குப் போட்டு, நரம்புகளின் அளவையும் பண்களின் முறையையும் பாடல் வரிகளிலிருந்து மீட்க முயன்று 'யாழ் நூல்' எழுதினார். அது 1947இல் வெளிவந்தது; அதே ஆண்டு அடிகளும் மறைந்தார். ஒரு பேரறிஞரின் வாழ்நாளில் பெரும்பங்கு, ஒரு கருவி எப்படி ஒலித்திருக்கும் என்று ஊகிப்பதில் செலவாயிற்று. அடிகள் காலத்தில் யாழ் வாசிக்க ஒருவரும் இல்லை. முகவீணைக்கு இன்று ஆள் இருக்கிறது. செய்யாறு பக்கத்துக் கூத்தூர்களில், பாரதக்கூத்து இரவுகளில், அந்தச் சிறு குழல் கிறீச்சிட்டுக் கூத்தனின் குரலுக்கு மேலே ஏறி நிற்பதை இன்றும் கேட்கலாம். இன்னும் இரண்டு தலைமுறை கழித்து யாரோ ஒருவர் 'முகவீணை நூல்' எழுத நேர்ந்தால், அவர் உழைப்பை மெச்சுவதா, இன்றைய சோம்பலை நோவதா?

எழுத்துக்கு நாம் இதைச் செய்துகாட்டினோம். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவின் குமார் மல்லிகார்ஜுனனும் முன்னெடுக்க, உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் கூலியின்றித் தட்டச்சிட்டு, சங்க நூல்கள் முதல் சிற்றிலக்கியங்கள் வரை கணினியில் ஏற்றினார்கள். அவர்களில் பலர் தமிழ்த்துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒலிக்கு அப்படியொரு திட்டம் வேண்டும் என்கிறேன். இந்த முறையாவது தமிழ்த்துறை பார்வையாளர் வரிசையில் உட்காரக் கூடாது என்கிறேன்.

இந்த மூவரையும் விடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையன்று. 'பறை எங்கள்மேல் சுமத்தப்பட்ட இழிவு. சாவு வீட்டில் அடிக்க மாட்டோம் என்று போராடிக் குச்சியைக் கீழே போட்டவர்கள் நாங்கள். நீங்கள் வந்து அதைப் பதிவு செய்து பண்பாடு என்கிறீர்களா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அதே பறையை விடுதலையின் ஒலியாக மேடையேற்றியவர்களும் அச்சமூகத்திலிருந்தே வந்தார்கள். மதுரை வட்டாரத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும் நடந்திருக்கிறது. இவ்விரு நிலைகளுக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். 'நீ அடிப்பதை நிறுத்தினால் கலை அழிந்துவிடும்' என்று ஊர்ப் பெரியவர்களும் பண்பாட்டுக் காவலர்களும் உருகுகிறார்களே, அந்த உருக்கம் பழைய விலங்குதான். மேலே பூ சுற்றியிருக்கிறது. ஒலி பொதுக்களஞ்சியத்தில் பத்திரமாக இருக்குமானால், இந்த வாதத்தின் பல்லைப் பிடுங்கிவிடலாம். விரும்புகிறவர் வாசிக்கட்டும், விரும்பாதவர் குச்சியைப் போட்டுவிட்டுப் போகட்டும். ஒரு கலையைக் காக்கும் சுமையை ஒரு சாதியின் முதுகில் ஏற்றுவதை விட, ஒரு கணினிக் கோப்பில் ஏற்றுவது அறம்.

அதற்கு நிபந்தனையும் உண்டு. வாசித்தவரின் பெயர், ஊர், அவர் ஆசானின் பெயர் கோப்போடு சேர்ந்தே பயணப்பட வேண்டும். பதிவுக்கு உரிய கூலி கையில் தரப்பட வேண்டும். எந்த உரிமத்தின்கீழ் வெளியிடுகிறோம், அதை வைத்து யார் என்ன செய்யலாம் என்பதை அவருக்கு அவர் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். நிகழ்த்துநரின் உரிமை 1994இன் திருத்தத்தால் நம் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்து, 2012இல் இன்னும் விரிந்தது. நாட்டுப்புறக் கலைஞரிடம் ஒலிவாங்கியை நீட்டிவிட்டுச் சால்வை போர்த்தி அனுப்பும் பழக்கம் சட்டத்துக்கும் பொருந்தாது, மனிதத்தன்மைக்கும் பொருந்தாது.

பணி மலையளவு பெரிதன்று. ஒரு பறைக்கு எத்தனை அடிவகை என்று அதை வாசிப்பவரே எண்ணிச் சொல்வார். ஒவ்வோர் அடியையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என மூன்று அழுத்தங்களில், காய்ச்சுமுன் ஒருமுறை, காய்ச்சியபின் ஒருமுறை பதிவு செய்ய வேண்டும். நல்ல ஒலிவாங்கி ஒன்று, இரைச்சல் இல்லாத ஓர் அறை, கலைஞரோடு பொறுமையாக இரண்டு நாள். முகவீணைக்கு இன்னும் கூடுதல் உழைப்பு வேண்டும். ஒவ்வொரு துளையின் நீள்சுரத்தோடு, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் நெளிவுகளையும் தனியே எடுக்க வேண்டும். துணுக்குகளை வெட்டி அடுக்கும் வேலையைக் கணினித்துறை மாணவர் ஒருவர் ஒரு பருவ விடுமுறையில் கற்றுக்கொள்வார். எந்த அடிக்கு என்ன பெயர், கூத்தின் எந்தக் கட்டத்தில் அது வரும், அதன் சொற்கட்டு என்ன என்று எழுதும் வேலை தமிழ் மாணவருடையது. பொறியாளரால் செய்ய முடியாத பகுதி அது ஒன்றுதான்.

இப்படிச் செய்த கோப்பு வாழும் கலைஞருக்கு ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது. சுவடி ஓதுவாருக்கு ஈடானதில்லை. அதற்காக உ.வே. சாமிநாதையர் சுவடி தேடாமல் வீட்டில் இருந்துவிடவில்லை.

வேலூரிலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் தமிழ் கற்பிக்கும் கல்லூரிகள் உள்ளன. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு விழாவுக்கு இந்த ஊர்கள் எதிலிருந்தும் பேருந்தில் போய்விடலாம். அடுத்த ஆண்டு முதுகலை மாணவர்களின் திட்டக்கட்டுரைக்குத் தலைப்புத் தரும்போது, 'இலக்கியங்களில் இசைக்கருவிகள்' என்பதை ஒரேயொரு முறை தள்ளிவைத்துவிட்டு, ஒரு பம்பைக்காரரின் முகவரியை மாணவர் கையில் கொடுங்கள். ஏடு நூறு பக்கம் வர வேண்டாம். இருபது பக்கம் போதும், கூடவே ஒரு குறுந்தகடு ஒலிக்கோப்புகளும். அந்த உரைக்கோப்பில் 127ஆம் எண்ணுக்கு எதிரே துப்பாக்கியை அழித்துப் பம்பையை எழுதும் உரிமையை அந்த மாணவருக்கே விட்டுவிடுவோம்.